பாட்டு வேண்டும், பாட்டுக்காரன் வேண்டாமா?

நம் நாட்டில் பாட்டுக்குக் குறைவில்லை. பிள்ளை பிறந்தால் பாட்டு, பிணம் விழுந்தால் பாட்டு, நாற்று நட்டால் பாட்டு, ஏற்றம் இறைத்தால் பாட்டு. ஆனால் இவற்றைக் கட்டினவர்கள் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கோவிலில் பாடினவர்களுக்குப் பெயருண்டு, ஊருண்டு, குருபூசையுண்டு. வயலிலும் பிணத்தண்டையிலும் பாடினவர்களுக்கு மாத்திரம் பெயர் கிடையாது. இது தற்செயலாக ஏற்பட்டதென்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாட்டு உள்ளே வரலாம், பாடினவன் வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது இந்நாட்டின் பழைய ஏற்பாடாகும்.

நந்தன் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கிப் பாடி உருகினவர்களும், கேட்டுக் கண்ணீர் விட்டவர்களும், அந்த நந்தன் வம்சத்தாரைக் கச்சேரி மண்டபத்தில் தங்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்களா? 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நடித்ததற்காக கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுக்கப்பட்டதாக ஊரெல்லாம் பேச்சு. பாடினவருக்குப் பணம் கொடுப்பதை நாம் ஒருநாளும் ஆட்சேபிக்க மாட்டோம். நந்தன் கதைக்கு லட்சம் உண்டு, நந்தன் சேரிக்கு ஒரு கிணறு கிடையாது என்பதுதான் நமது ஆட்சேபணை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் தோழர் அறிவு என்கிற பாட்டுக்காரருக்கு நேர்ந்தவைகளாகும். அரக்கோணத்துக்காரரான இவர் இஞ்சினீயரிங் படித்தவர். தானே எழுதித் தானே பாடுகிற சுயேச்சைப் பாட்டுக்காரர். சினிமாவுக்கும் எழுதிப் பாடுகிறவர். டைரக்டர் பா. இரஞ்சித்தும் இசைக்காரர் டென்மாவும் சேர்ந்து அமைத்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவில் இருந்து பாடியவர். அக்குழு 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் முதன்முதலாகப் பாடிற்று. அதன் பெயரே, ஜாதியில்லாத தமிழர் என்று நம்மை அழைத்துக்கொள்ளச் சொன்ன பண்டிதர் அயோத்திதாசரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகும். பறையும் கானாவும் கிட்டாரும் ஒரே மேடையில் ஏறி, மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் மலக்குழியில் இறக்கப்பட்டுச் சாகிறவனையும் பற்றிப் பாடின. இப்படிப்பட்ட விஷயங்கள் சங்கீதத்திற்கு உரியவைதானா என்று சிலர் மூக்கைச் சுளித்தார்கள். காமாட்சிக்கும் மீனாட்சிக்கும் நகை பூட்டி அழகு பார்ப்பது சங்கீதத்திற்கு உரியதென்றால் மலக்குழியில் செத்தவன் மட்டும் ஏன் உரியவனல்ல என்பதற்கு அவர்களிடமிருந்து பதில் வந்ததாகத் தெரியவில்லை.

2019-ல் அறிவு ‘தெருக்குறள்’ என்ற பெயரில் ஒரு பாட்டுத் தொகுப்பு வெளியிட்டார். அமெரிக்காவில் நீக்ரோக்கள் என்று இழிவாக அழைக்கப்பட்ட கறுப்பு மக்கள், நியூயார்க் நகரத்து ஏழைத் தெருக்களில் 1970-களில் உண்டாக்கின ‘ராப்’ என்கிற முறையில் அமைந்தது. பேச்சையே தாளத்தில் போட்டுச் சொல்லும் முறை அது. நமது கிராமத்து லாவணிக்காரர்களைக் கேட்டவர்களுக்கு இது அவ்வளவு அன்னியமாகத் தோன்றாது.

நிற்க. 2021 மார்ச் மாதத்தில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற பாட்டு வெளிவந்தது. பாடினவர்கள் தீ என்ற பாடகியும் அறிவும், இசைத் தயாரிப்பு தோழர் சந்தோஷ் நாராயணன், சொற்கள் அறிவினுடையவை. சாமி என்ற சொல்லுக்கு நாம் எதிரிகள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பண்ணையாரைக் கும்பிட்டுச் ‘சாமி’ என்றதும் அந்தச் சொல்தான், கிழவி தன் பேரனை மடியில் போட்டு ‘எஞ்சாமி’ என்று கொஞ்சுவதும் அந்தச் சொல்தான். இரண்டாவதில் நமக்குத் தகராறு இல்லை.

அந்தப் பாட்டு அறிவின் பாட்டியார் சொன்ன கதையிலிருந்து பிறந்தது. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பிறகு இங்கு திரும்பி வந்து, காணி நிலமும் இல்லாமல் கூலி வேலையே செய்தவர். அது ஒரு குடும்பத்தின் கதை மாத்திரமல்ல. வெள்ளைக்காரத் துரைமார்களுக்காக மலையைத் திருத்தித் தேயிலை வைத்த தமிழர்களை, 1948-ல் சுதந்திரம் பெற்ற இலங்கை அரசாங்கம் அதே ஆண்டில் ஒரு சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஆடுமாடுகளைப் பங்கு பிரிப்பதுபோல, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அங்கே மரம் நட்டவர்களுக்கு அங்கே நிழலில்லை. இங்கே வந்தால் இங்கேயும் சேரிதான். இதைச் சொல்லும் பாட்டுக்குத்தான் உலகத்தில் பல கோடிப் பேர் ஆடினார்கள்.

ஆடட்டும், அதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் பிறகு நடந்ததென்ன? 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ என்ற சங்கீதப் பத்திரிகை, இந்தப் பாட்டையும் அறிவு சொல் எழுதின இன்னொரு பாட்டையும் சிலாகித்து அட்டைப்படம் போட்டது. அட்டையில் பாடகியும் இன்னொரு பாட்டுக்காரரும் இருந்தார்கள், அறிவு இல்லை. தோழர் இரஞ்சித் முதலானோர் பலமாகக் கண்டித்த பிற்பாடு, இணையத்துக்கென்று ஒரு தனி அட்டையில் அவர் படத்தைப் போட்டார்கள். பந்தியில் இலை போட மறந்துவிட்டு, கேட்ட பிறகு திண்ணையில் தனி இலை போட்ட கதைதான்.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 28-ந் தேதி, சென்னை நேரு விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதம மந்திரியும் முதல் மந்திரியும் வீற்றிருக்க, அந்தப் பாட்டு மேடையில் பாடப்பட்டது; அப்போதும் அறிவு இல்லை. அவர் அச்சமயம் அமெரிக்காவில் இருந்தார் என்பது சமாதானம். இருக்கலாம். ஆனால், ஆள் ஊரில் இல்லாவிட்டால் பெயரும் ஊரில் இருக்கக்கூடாதா? திராவிடம் பேசும் ஆட்சியின் மேடையில் இதை எவரும் யோசித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

அதன் மேல் அறிவு, பாட்டை உண்டாக்கினது தானே என்றும் தனக்கு யாரும் ஒரு மெட்டோ சொல்லோ கொடுக்கவில்லை என்றும் எழுதினார். சந்தோஷ் நாராயணன், இது பலரும் சேர்ந்து செய்த வேலை என்றும், பாடகிக்கும் தமக்கும் அதில் பங்குண்டு என்றும் பதில் சொன்னார். ஒரு பாட்டில் மெட்டு எது, கட்டமைப்பு எது என்று அளந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதையில்லை. கூட்டு வேலை என்றே வைத்துக்கொள்வோம். கூட்டு வேலையில் மூன்று பேர் இருந்தால், விடுபட்டுப் போகிறவர் இரண்டு தடவையும் அதே ஒருவராகவே இருப்பானேன் என்பதுதான் நம் கேள்வி.

நமது இயக்கத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. 1930-ஐ ஒட்டிய காலத்தில் செட்டிநாட்டில் ஒரு கலியாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து நாதசுரம் வாசித்து வந்தபோது, அவர் தோளில் துண்டு போட்டிருந்ததற்குப் பணக்காரர்கள் சீறினார்கள். நாதசுரம் வேண்டும், அது இல்லாமல் தாலியே ஏறாது. வாசிக்கிறவன் தோளில் வியர்வை துடைக்கும் துண்டு மட்டும் இருக்கக்கூடாது! அங்கிருந்த நமது பட்டுக்கோட்டை அழகிரிசாமி, துண்டை எடுக்காமல் வாசிக்கும்படி சொல்லி அவர் பக்கம் நின்றார். அன்று தோள் துண்டு. இன்று அட்டையில் ஒரு படம், மேடையில் ஒரு பெயர்.

பெயர் விஷயம் இப்படி. பணத்தின் விஷயமோ இன்னும் விசேஷம். பாட்டு வெளிவந்து மூன்று வருஷமாகியும் அதிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். எழுதினவர், பாடினவர், இசையமைத்தவர் ஆகிய எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள் என்றால், முதலாளித் தத்துவம் ஜாதியைவிடக் கொஞ்சம் சமத்துவமானது போலிருக்கிறது!

சினிமாவில் நிலைமை வேறென்று எண்ண வேண்டாம். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின்படி, படத்துக்கென்று கூலிக்கு எழுதின பாட்டு பட முதலாளிக்கே சொந்தம் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. பாட்டெழுதினவர் பட்டினி கிடக்க, அவர் பாட்டு ரேடியோவில் முழங்கிற்று. 2012-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு, கொட்டகைக்கு வெளியே பாட்டு ஒலிக்கிற வகையில் வரும் வருமானத்தில் எழுதினவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சமபங்கு என்றும், அந்தப் பங்கை முதலாளி எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாதென்றும் ஏற்பட்டது. நல்ல சட்டம். கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துப் பார்க்கும்படி, பாட்டெழுதும் ஒவ்வொரு சேரிப் பிள்ளைக்கும் சொல்லுவோம்.

அறிவு ‘காலா’வுக்கு (2018) எழுதினார், ‘மாஸ்ட’ருக்கும் (2021) எழுதிப் பாடினார். முன்னதில் நிலத்தின் உரிமை, பின்னதில் கதாநாயகனின் பராக்கிரமம். சினிமா யாரையும் தன் வேலைக்குத்தான் வைத்துக்கொள்ளும். அதில் சம்பாதித்துத் தன் பாட்டைத் தன் இஷ்டப்படி பாடுகிறவரை நாம் குறைசொல்ல மாட்டோம். அதேபோல், பறையைக் கையில் எடுப்பதே இழிவென்று நமது தோழர்கள் சிலர் சொல்லுவதையும் ஒப்பமாட்டோம். எழவு வீட்டில் வந்து அடியடா என்று ஊர் கட்டளையிட்டால் அது இழிவு; அதை மறுத்துப் பறையைத் தூக்கி எறிந்தவன் வீரன். கூலி பேசிக்கொண்டு, தன் பெயரைப் போடச் சொல்லி, தன் இஷ்டத்துக்கு மேடையில் அடித்தால் அது தொழில்.

நமது வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். நமது மகாநாட்டு நோட்டீசுகளில் தலைவர், திறப்பாளர், வரவேற்பாளர், சொற்பொழிவாளர் என்று இருபது பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். முன்னதாக இரண்டு மணி நேரம் தொண்டை வரளப் பாடிக் கூட்டம் சேர்ப்பவரைப் பற்றி மட்டும் ‘இன்னிசை நிகழ்ச்சி நடைபெறும்’ என்று ஒரு வரிதான். வருகிற மகாநாட்டுக்கு நோட்டீசு அச்சடிக்கும் தோழர்கள் அந்த வரியை எடுத்துவிட்டு, பாடுகிறவர், பறையடிக்கிறவர், மெட்டுப் போட்டவர் பெயர்களைப் போட வேண்டும். அவர்கள் கூலியையும் ஒலிபெருக்கிக்காரர் கூலியைப் போலவே அன்றிரவே கொடுத்தனுப்ப வேண்டும்.

அறிவு 2024-ல் இன்னொரு தொகுப்பு வெளியிட்டார். அதற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார். வள்ளியம்மா என்பது தேயிலை பறித்த அந்தப் பாட்டியாரின் பெயர்.