ஒரு பக்கம் மட்டும் பாடும் பெட்டி

மதுரைச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். 1970-களில் மாமனார் சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்த ஸ்டீரியோ ரிசீவர் இன்னும் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறதாம். வெள்ளி முகப்பும் மரக் கூடுமாகப் பார்ப்பதற்கு ராஜா மாதிரிதான் இருக்கிறது. பாட்டு வைத்தாலோ இடப் பக்கம் ஊமை, வலப் பக்கம் கரகரப்பு! வால்யூம் குமிழைத் திருகினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். “காயலான் கடைக்குப் போடலாம் அம்மா” என்கிறான் பிள்ளை. கணவரோ வாயே திறக்கவில்லை. அவருடைய அப்பா கேட்ட பெட்டியல்லவா?

போடாதீர்கள், சகோதரி! பெட்டி செத்துவிடவில்லை. இந்த வயதுப் பெட்டிகளில் பாதிக் கோளாறு தூசியும் களிம்பும்தான்.

அந்தக் காலத்து ரிசீவர் என்பது லேசான சாமான் அல்ல. ரேடியோ, சின்ன ஒலியைத் தயார் செய்யும் பகுதி, அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும் பகுதி மூன்றும் அதற்குள்ளே கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. கம்பெனிகளுக்குள் அப்போது பலத்த போட்டி. 1978-ல் பயனீர் கம்பெனி வெளியிட்ட எஸ்.எக்ஸ்-1980 என்ற பெட்டி பக்கத்துக்கு 270 வாட் கொடுத்தது. எடை சுமார் 35 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்குகிறவர்கூட யோசித்துத்தான் கை வைக்க வேண்டும்! இப்படிக் கட்டிய பெட்டியைக் கிலோக் கணக்கில் எடை போட்டு விற்பது எனக்குச் சம்மதமில்லை.

முதலில் பெட்டியின் பின்பக்கம் என்ன வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. வெளியூரிலிருந்து வந்த பல பெட்டிகளில் இதை மாற்ற ஒரு திருகு இருக்கும். அது 110-ல் நிற்கும்போது நம் சுவரில் செருகினால் சங்கீதத்துக்குப் பதிலாகப் புகைதான் வரும். இந்த ஒன்றைச் சரி பார்க்காமல் மேலே படிக்க வேண்டாம்.

அடுத்தது முகப்பிலுள்ள ஸ்விட்சுகள். “டேப் மானிட்டர்” என்று ஒரு பொத்தான் இருக்கும். துடைக்கும்போது யார் கையாவது பட்டு அது அமுங்கிவிட்டால், பெட்டி இல்லாத டேப் ரிகார்டரைத் தேடிக்கொண்டு மௌனமாகிவிடும். இந்தப் பொத்தானை விடுவித்துக் கொடுத்துவிட்டு ரிப்பேர்க் கூலி வாங்கிய மகானுபாவர்கள் உண்டு! இடம் வலம் சமன் செய்யும் ‘பாலன்ஸ்’ குமிழ் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால், குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாட்டு வரும் கருவியிலிருந்து பெட்டிக்குள் செருகியிருக்கும் இரண்டு ஒயர்களையும் இடம் வலமாக மாற்றிச் செருகுங்கள். ஊமைத்தனம் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்குக் குடி பெயர்ந்தால் கோளாறு பாட்டுக் கருவியிலோ அந்த ஒயரிலோ இருக்கிறது. பெயராவிட்டால் அவற்றைப் பழையபடி செருகிவிட்டு, இப்போது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றுங்கள். அப்போதும் அதே ஸ்பீக்கர் ஊமையானால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோதான். மற்ற ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால் ரிசீவரே குற்றவாளி. ஒயரின் செப்பு முனைகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் உள்ளே டிரான்ஸிஸ்டர் வெந்துவிடும்.

ஸ்பீக்கர்தான் என்று தெரிந்தால் அதன் முன் துணியைக் கழற்றிப் பாருங்கள். காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் பழைய கேக் மாதிரி உதிர்ந்திருக்கும். வளையத்தை மட்டும் மாற்றலாம். ஸ்பீக்கர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. இன்னொன்று: இரண்டு ஸ்பீக்கரும் பாடியும் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் காணாமற் போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. அடித்தொனி இரண்டுக்கும் நடுவே கரைந்து போகிறது.

அந்த அப்பளச் சத்தம் குமிழுக்குள் இருக்கிற கரிப் பாதையில் படிந்த அழுக்கின் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முப்பது நாற்பது தடவை திருகுங்கள். ஸ்விட்சுகளையும் அப்படியே தட்டுங்கள். பல சமயம் ஊமைப் பக்கமே வாய் திறந்துவிடும்! சில நாளில் மறுபடி கரகரத்தால், மூடியைத் திறந்து காண்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். துருப் பிடித்த கீலுக்கு அடிக்கிற எண்ணெய் உதவாது. அது பிசுக்கை விட்டுப் போகும், பிசுக்கு தூசியை அழைத்து வரும். திறக்கும் வேலையை ரிப்பேர்க்காரரிடம் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்ஸர்கள் மின்சாரத்தைப் பதுக்கி வைத்திருக்கும்.

அவரிடம் சொல்வதற்கு இரண்டு அடையாளங்களைக் கவனித்து வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கையில் ஒரு பக்கம் மறைந்து, வால்யூமை ஏற்றியதும் சட்டென்று திரும்பி வந்தால், ஸ்பீக்கரைக் காக்கும் ‘ரிலே’யின் முனைகள் களிம்பேறியிருக்கலாம். பெட்டியைப் போட்டதும் சில விநாடி கழித்து ‘டிக்’ என்கிறதே, அதுதான் ரிலே. இரண்டு பக்கமும் ஓயாமல் வண்டு மாதிரி ரீங்காரம் செய்தால் கண்டென்ஸர் உலர்ந்திருக்கலாம்.

“எல்லாக் கண்டென்ஸரையும் மாற்றணும் அம்மா” என்று அவர் எடுத்த எடுப்பில் சொன்னால், கோளாறு எந்த இடத்தில் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் ஸ்பீக்கர் முனையில் டி.ஸி. வோல்டேஜை அளந்து காட்டச் சொல்லுங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. அது வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும், இணைக்கவே விடாதீர்கள். “பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஐ.ஸி. போர்டு வைத்துத் தருகிறேன், மலிவு” என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் உங்கள் கூடத்தில் மாமனாருடைய மரக் கூடு மட்டும்தான் மிஞ்சும்.

பாடத் தொடங்கிய பிறகு பெட்டியின் தலையில் பூவேலை செய்த துணியைப் போர்த்தி, அதன்மேல் கல்யாணப் போட்டோவை வைக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சகோதரி. மேலே இருக்கும் துளைகள் அது மூச்சு விடுவதற்காக. நாலு விரற்கடையாவது இடம் விட்டு, போட்டோவைப் பக்கத்து ஷெல்பில் வையுங்கள்.