ஸ்கேனுக்குத் தேதி கொடுத்து அனுப்பாதீர்கள்

பழவேற்காடு ஏரியில் சுத்துவலை போடுவதற்கு முறை உண்டு. ‘பாடு’ என்பார்கள். தன் பாட்டைத் தவறவிட்ட மீனவருக்கு அன்றைய இறால் போனது போனதுதான். அப்படி முறையை விட்டுவிட்டு, ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுமார் 60 கி.மீ. கடந்து சென்னைக்கு வரும் பெற்றோரிடம் ‘எம்.ஆர்.ஐ.க்கு அடுத்த வாரம் வாங்க’ என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது.

கீமோவால் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குச் சரிந்த குழந்தைக்கு, ஆன்டிபயாடிக் கொடுத்தும் நான்கு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். நுரையீரலில் பிடித்த அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ரத்தத்தோடு மூளைக்கு ஏறிவிடலாம். வலிப்பு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தொடக்கநிலைப் பாதிப்பு சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரிய வாய்ப்பு அதிகம். அதிலும் ஒரு சிக்கல்: எதிர்த்துப் போராட வெள்ளணு இல்லாததால், சீழ்க்கட்டியைச் சுற்றித் தெரிய வேண்டிய வளையம் இந்தக் குழந்தைகளுக்கு மங்கலாகவே தெரியும். படத்தைப் பார்ப்பவருக்குக் குழந்தையின் ரத்த அணு எண்ணிக்கையும் தெரிந்திருக்க வேண்டும்.

படம் மட்டும் பூஞ்சையின் பெயரைச் சொல்லாது, காசநோய்க் கட்டியும் அப்படித்தான் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால், திசுவை எங்கிருந்து எடுப்பது என்று காட்டுவது அந்தப் படம்தான். மருந்தும் எந்தப் பூஞ்சை என்பதைப் பொறுத்தது. மூளைக்குள் நன்றாகப் புகும் வோரிகோனசோல் அஸ்பர்ஜில்லஸுக்குக் கேட்கும், கரும்பூஞ்சைக்குக் கேட்காது. அதற்கு ஆம்போடெரிசின்-பி வேண்டும்.

சின்னக் குழந்தை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் இரைச்சலில் அசையாமல் படுக்காது. மயக்க மருந்து வேண்டும். அதற்காகக் காலையிலிருந்து பால்கூடக் கொடுக்காமல், அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கிறாள் தாய். மயக்கவியல் மருத்துவர் வரவில்லை என்றால் அந்தப் பட்டினியும் வீண்.

2021 மே மாதம் கரும்பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்து விரைந்து செயல்பட்டது தமிழக அரசு. அந்த வேகம் இந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கும். இழந்த நாட்களை மீட்டுத் தராது. பூஞ்சைச் சந்தேகம் எழுந்த 24 மணி நேரத்துக்குள் மயக்கவியல் மருத்துவருடன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டும். பழவேற்காடு அடங்கிய மாவட்டத்தின் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தே அதைத் தொடங்கட்டும்.