எடைக்குப் போன இரும்பு

மியூசியக்காரர்கள் ‘அலங்காரக் கலை’ என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். தங்கப் பிடி போட்ட குத்துவாளிலிருந்து பூப்போட்ட பீங்கான் தேநீர்க் கூஜா வரைக்கும் அதில் அடக்கம். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கின்றன. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், ‘அழகானதை வைத்துக்கொள்வோம், மற்றதைத் தள்ளிவிடுவோம்’ என்று முதலில் எந்தப் புண்ணியவான் தீர்மானித்தானோ, அவனோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

தஞ்சாவூர் ஆயுதசாலைக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 1855-இல் இரண்டாம் சிவாஜி மகாராஜா ஆண் வாரிசு இல்லாமல் கண்ணை மூடினார். ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலத்திலிருந்தும் மராத்தியர் காலத்திலிருந்தும் அரண்மனையில் சேர்ந்து கிடந்த வாள், ஈட்டி, கட்டாரி, அங்குசம் எல்லாம் கேட்பாரற்ற சொத்தாயின. 1860-களில் அவற்றில் வேலைப்பாடு மிக்கவையாகச் சிலவற்றைப் பொறுக்கிச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள். மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்! வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்த ஆயுதசாலையைப் பற்றி 1878-இல் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ பத்திரிகையில் எழுதிவைத்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

பொறுக்கப்பட்டவை எழும்பூரில் இருக்கின்றன. 1851-இல் ஆரம்பித்த மியூசியம் அது. சென்னை ஜனங்கள் அதற்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. தஞ்சாவூர்க் கட்டாரிகளைப் போல எஃகில் சித்திரம் செதுக்கியது உலகத்தில் அபூர்வம். கைக்காப்பில் யாளி வாய் பிளக்கிறது. ஓரத்தில் கிளி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அலகைக் கவனியுங்கள். பல கட்டாரிகளில் அது ஐரோப்பாவில் அடித்த வாள். கப்பலில் வந்த வாளை நறுக்கி, நம் கொல்லன் தன் பிடியில் பொருத்திக்கொண்டான். சீமைச் சரக்கை வாங்கி நம் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட அந்தச் சாமர்த்தியம், கிளியைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தக் கொல்லன் பெயர் என்ன? தெரியாது. ராஜா ஊர்வலத்தில் இடுப்பில் செருகியது பத்திரமாக இருக்கிறது. ராத்திரியெல்லாம் கோட்டை வாசலில் காவல் நின்றவன் பிடித்திருந்த மொட்டை ஈட்டி உலைக்குப் போயிற்று. அதில் கிளி இல்லையே! இப்படியே போனால், நம் பேரப்பிள்ளைகள் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் எல்லோரும் யாளிமுகக் கட்டாரியோடுதான் சண்டைக்குப் போனார்கள் என்று நம்புவார்கள். சினிமாவும் அதற்கு ஒத்தாசை செய்கிறது.

இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் உள்ள வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜார்ஜ் ஸ்டோன் என்ற அமெரிக்கர் 1935-இல் உயிலெழுதி வைத்த தென்னாட்டுக் கட்டாரிகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கே ஹைதராபாத்தில் மூன்றாம் சாலார் ஜங் சேர்த்த சாமான்களோ 1951-இல் மியூசியமாயின. ஜஹாங்கீரின் பச்சைக்கல் குத்துவாள் ஒருபுறம், ஐரோப்பியப் பீங்கான் மறுபுறம். யார் அந்தக் கூஜாவில் தேநீர் ஊற்றினார்கள், எந்த வேலைக்காரன் அதைக் கழுவினான் என்று ஒரு சீட்டு சொல்லட்டுமே! சொல்லாது. அலங்காரப் பொருளுக்கு உபயோகம் இருந்ததாக ஒப்புக்கொள்வது அதன் அந்தஸ்துக்குக் குறைவு.

இதையெல்லாம் நான் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் மேல்சித்தாமூர். செஞ்சிக்குப் பக்கத்தில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. சந்தோஷம். கத்தியும் பீரங்கியும் ஆண்ட கோட்டைக்கு உலகமே மாலை போடுகிறது. கூப்பிடு தூரத்தில், ஓர் எறும்பு சாகக்கூடாதென்று பொழுது சாயும் முன்னே சாப்பிட்டு, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்த ஜனங்கள் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். பாறையில் செதுக்கிய பாகுபலியும் பார்சுவநாதரும் பிழைத்துக்கொள்வார்கள். கல்; யாரும் உருக்க முடியாது. அந்தத் தண்ணீர்ச் செம்பு?

அந்தப் பக்கத்து நயினார் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “இதிலே என்ன தம்பி வேலைப்பாடு இருக்கு? வெறும் பித்தளை. எவர்சில்வர் வந்ததும் எடைக்குப் போட்டாச்சு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 1860-களில் அதிகாரிகள் சொன்னதும் இதே வார்த்தைதானே? அன்று ஆயுதத்துக்குச் சொன்னார்கள். இன்று நாமே நம் வீட்டுச் செம்புக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

இடம் இல்லை, பணம் இல்லை என்று அதிகாரிகள் பதில் வைத்திருப்பார்கள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்காக அறிவிப்புப் பலகை நட இடம் கிடைக்கிறதல்லவா? ஊருக்கு ஓர் அலமாரி போதும். அடி கரிந்த செம்பு ஒன்று, வடிகட்டும் துணி ஒன்று, கைப்பட்டு வழவழத்துப்போன அரிவாள் ஒன்று. பக்கத்தில் ஒரு சீட்டில், எந்த ஊர்க் கன்னார் வார்த்தது, யார் வீட்டில் எத்தனை வருஷம் புழங்கியது என்று எழுதுங்கள். கன்னார் பெயரைச் சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கும்போது எடைக்கடைக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். போன வாரம் வந்த மூட்டையை அவர் இன்னும் பிரித்திருக்க மாட்டார்.