எச்.ஆர். படிக்கப் போறீங்களா? முதல்ல தொழிலாளர் சட்டப் பாடம் இருக்கான்னு பாருங்க!

‘எனக்கு ஆட்களோட பேசிப் பழகப் பிடிக்கும். அதனால எச்.ஆர். எடுக்கலாம்னு இருக்கேன்.’ எம்.பி.ஏ. சேர்க்கை நேர்முகத் தேர்வுகளில் அதிகம் கேட்கக் கிடைக்கும் பதில் இதுதான். கணக்கு வேண்டாம் என்பவர்கள் ஃபைனான்ஸைத் தவிர்க்கிறார்கள், டார்கெட் வேண்டாம் என்பவர்கள் மார்க்கெட்டிங்கைத் தவிர்க்கிறார்கள். மிச்சம் இருப்பது எச்.ஆர்.

ஆனால், ஆட்களோடு நன்றாகப் பேசுவது மனிதவள மேலாண்மையின் ஒரு பகுதி மட்டுமே. ஒருவருக்குச் சேர வேண்டிய சம்பளம் எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள், எந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்பலாம், எப்படி அனுப்பக் கூடாது என்பதெல்லாம்தான் இந்தத் துறையின் நடு முதுகெலும்பு. அது சட்டம். அந்தப் பாடத்தை ஒரு செமஸ்டர் பேப்பராக ஒப்பேற்றிவிட்டு வெளியே வருபவர், மேலிடம் எடுத்த முடிவை வாசித்துச் சொல்லும் தூதராகத்தான் வேலை பார்க்க முடியும்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது?

எச்.ஆர். என்றாலே கண்ணாடிக் கட்டடமும் லேப்டாப்பும்தான் இன்று நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் துறையின் வேர் தொழிற்சாலை வாசலில் இருக்கிறது.

1918-இல் சென்னையில் பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை மையமாக வைத்து ‘சென்னை தொழிலாளர் சங்கம்’ உருவானது. பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றோர் அதை வழிநடத்தினார்கள். சங்கத் தலைவர்கள் மீது ஆலை நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. சங்கம் வைப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அடுத்து 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம். 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் ‘தொழிலாளர் நல அலுவலர்’ கட்டாயம் என்றது அதன் 49-ஆவது பிரிவு. அந்தப் பதவிக்கு ஆட்களைத் தயார் செய்ததில் சமூகப் பணிக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மும்பையில் 1936-இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிப் பள்ளி இரண்டும் அந்த வரிசையில் வருபவை. அதனால்தான் இன்றும் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் பலர் எச்.ஆர். மேலாளர்களாக இருக்கிறார்கள்.

தொழிலாளர் நலனில் தொடங்கிய படிப்பு இது. பிறகு ‘பர்சனல் மேனேஜ்மென்ட்’ ஆகி, அப்புறம் ‘மனிதவளம்’ ஆனது. பெயர் மாறியதோடு பல கல்லூரிகளில் பாடத்தின் கனமும் இடம் மாறிவிட்டது. ஆள் எடுப்பது, பயிற்சி, ‘எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்’ எல்லாம் முன்னால் வந்துவிட்டன. தொழில் உறவுகள் பின்னால் போய்விட்டது.

இப்போ ஏன் இது அவசரம்?

ஏனென்றால் ஆட்ட விதிகளே மாறிவிட்டன. 29 பழைய மத்திய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவைதான் அந்த நான்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு மாதம் ரூ.40,000 சம்பளம். அதில் பேசிக் ரூ.14,000, வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற அலவன்ஸ்கள் ரூ.26,000 என்று வைத்துக்கொள்வோம். புதிய வரையறைப்படி, இப்படிப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். அதாவது ரூ.20,000-ஐத் தாண்டிய ரூ.6,000 பேசிக்கோடு சேர்ந்து, ஊதியம் ரூ.20,000 ஆகிவிடும்.

இவர் 5 ஆண்டு வேலை செய்துவிட்டுப் போகிறார். கிராஜுவிட்டி என்பது ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்துக் கணக்கிடுவார்கள். ரூ.14,000-க்குப் போட்டால் சுமார் ரூ.40,385. ரூ.20,000-க்குப் போட்டால் சுமார் ரூ.57,692. ரூ.17,000-க்கு மேல் வித்தியாசம். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் எச்.ஆர்.க்கு இது தெரியாவிட்டால், அந்தப் பணம் தொழிலாளியின் பையிலிருந்து போகும். வழக்கு வந்தால் கம்பெனிக்கும் தலைவலி.

இன்னும் சில மாற்றங்கள்: வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உரிமை உண்டு. ராஜினாமா செய்தாலும், வேலையை விட்டு அனுப்பினாலும் பாக்கி ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’டுக்கு வாரக்கணக்கில் மெயில் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். நல அலுவலர் வேண்டும் என்ற வரம்பும் 500-லிருந்து 250 பேராகக் குறைந்திருக்கிறது. படிப்பவர்களுக்கு இது நேரடியான வேலை வாய்ப்பு.

இன்னொரு பக்கம், ரெஸ்யூமே வடிகட்டுவது, நேர்முகத் தேர்வுக்குத் தேதி குறிப்பது, வருகைப் பதிவு, பே-ஸ்லிப் எல்லாம் மென்பொருளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த வேலைகளை மட்டும் நம்பி இரண்டு வருடமும் லட்சங்களும் செலவு செய்வது ரிஸ்க்.

‘எச்.ஆர். எப்பவும் கம்பெனி பக்கம்தானே?’

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. எச்.ஆர்.க்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். சட்டம் தெரிந்துவிட்டால் மட்டும் ஒருவர் நியாயமானவராக ஆகிவிடுவாரா? மாட்டார். சட்டத்தை நன்றாகப் படித்து, அதன் சந்துபொந்துகளைப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் தெரியாதவருக்கு ‘இது கூடாது சார்’ என்று சொல்லும் வாய்ப்பே இல்லை. கர்ப்பிணி ஊழியர் ஒருவரிடம், ‘நீங்க சேர்ந்து ஒரு வருஷம் ஆகலையே’ என்று சொல்லி மகப்பேறு விடுப்பை மறுக்கும்படி மேலாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருந்தாலே சம்பளத்துடன் விடுப்புக்கு உரிமை உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரம். இதை அறிந்த எச்.ஆர்., ‘மறுத்தால் நமக்குத்தான் சிக்கல்’ என்று சட்டத்தின் மொழியில் நிர்வாகத்திடம் பேசலாம். அறியாதவர் மறுப்பு மெயிலை டைப் செய்வார்.

பாலியல் புகார்களும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள் புகார்க் குழு இருக்க வேண்டும்; விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். ‘பேசித் தீர்த்துக்கலாம்மா’ என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவது மனிதவளம் அல்ல.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலையின் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி அக்டோபர் 15 வரை நீடித்தது. சம்பளக் கோரிக்கை இருந்தது. ஆனால் நடுவில் நின்றது சங்க அங்கீகாரம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் வேலைக்குப் போகும் ஓர் இளம் எச்.ஆர்., சங்கம் என்றாலே பதறுவதற்கு வகுப்பறை பயிற்சி கொடுத்திருக்கக் கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் எப்படி உட்காருவது என்றுதான் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். ‘நாங்க ஐ.டி., எங்களுக்கு இது இல்லை’ என்றும் சொல்ல முடியாது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

சரி, எதில் சேர்வது?

எம்.பி.ஏ. மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளப் பிரிவு எடுக்கலாம். வாரம் தவறாமல் களப்பணி இருப்பது அதன் பலம். மனிதவள மேலாண்மையில் எம்.ஏ. தரும் கல்லூரிகளும் உண்டு. தொழிலாளர் மேலாண்மைக்கென்றே பி.ஏ., எம்.ஏ. படிப்புகளைச் சென்னையில் அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் நடத்துகிறது. பலருக்கு அதன் பெயரே தெரியாது என்பதுதான் வருத்தம்.

நல அலுவலர் பதவிக்கு எந்தப் பட்டம் செல்லும் என்பதை அரசு விதிகள் முடிவு செய்கின்றன. எல்லா எம்.பி.ஏ.வும் அதில் தானாக வந்துவிடாது. ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் நான்கு கேள்விகள் கேளுங்க:

- தொழிலாளர் சட்டமும் தொழில் உறவுகளும் மொத்தம் எத்தனை தாள்கள்?
- பாடத்திட்டம் நான்கு புதிய தொகுப்புகளுக்கு மாறிவிட்டதா, இல்லை பழைய சட்டத்தையே நடத்துகிறார்களா?
- இன்டர்ன்ஷிப் தொழிற்சாலையிலா, இல்லை ஏசி அறையில் ரெஸ்யூமே அடுக்கும் வேலையா?
- இந்தப் பட்டம் நல அலுவலர் பதவிக்குத் தகுதியானதா?

பதில் சுற்றி வளைத்து வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

ஆட்களோடு பழகப் பிடிப்பவர்கள் இந்தத் துறைக்கு வரட்டும், தவறில்லை. ஆனால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஆலையில் நிற்கும் ஒருவர் தன் சம்பளச் சீட்டைக் காட்டி, ‘இதுல ஏன் குறையுது?’ என்று கேட்கும்போது, சிரித்த முகம் மட்டும் உதவாது. சரியான பதில் வேண்டும். அதைக் கற்றுத் தராத படிப்புக்கு எச்.ஆர். என்று பெயர் வைத்திருந்தாலும், அதற்குக் கட்டும் பணம் வீண்தான்.