ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்ந்து போகாது!

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களில் தவறாமல் காதில் விழும் வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, "கேஸ் போயிடுச்சு சார், ஏத்தணும்." இன்னொன்று, "கம்ப்ரஸர் அவுட்டு, புதுசு போட்டாத்தான் ஆகும்." முதல் வாக்கியம் ஆயிரங்களில் முடியும். இரண்டாவதைக் கேட்டதுமே, "அதுக்குப் புது ஃப்ரிட்ஜே வாங்கிடலாமே" என்று பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடும் வீடுகள்தான் அதிகம்.

இந்த வாக்கியங்கள் உண்மையாக இருக்கும் சமயங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "குளிர் பத்தலை", "அடியில தண்ணி நிக்குது", "ராத்திரி பூரா சத்தம்" என்று நாம் மெக்கானிக்கைக் கூப்பிடும் பல சமயங்களில், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒரு குவளை வெந்நீரும் அரை மணி நேரமும் இருந்தால் வேலை முடிந்துவிடும். நாம் கொடுக்கும் காசில் ஒரு பகுதி பழுதுக்கு அல்ல, அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததற்கு. மேல்நிலைப் பள்ளியில் வெப்ப இயக்கவியல் படித்து, கார்னோ எஞ்சின் படம் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பதுதான் வேடிக்கை!

முதலில் அந்தக் கேஸ் கதை

"நாலஞ்சு வருஷம் ஆச்சுல்ல, கேஸ் தீர்ந்திருக்கும்" என்று சொல்வார்கள். நாமும் அடுப்பு சிலிண்டரை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவோம். இரண்டும் ஒன்றல்ல. சிலிண்டரில் உள்ள கேஸ் எரிந்து செலவாகிறது. ஃப்ரிட்ஜில் உள்ள கேஸ் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது; பின்புறக் கம்பி வலையில் (புது மாடல்களில் பக்கச் சுவர்களுக்குள்) அந்தச் சூடு வெளியேறி அது திரவமாகிறது; மெல்லிய குழாய் வழியாக ஃப்ரீசருக்குப் போய் மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. திரும்பக் கம்ப்ரஸர். அவ்வளவுதான் விஷயம். இருபது வருடமானாலும் அதே கேஸ்தான்.

இப்படி மூடி வைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1920களின் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் சல்ஃபர் டை ஆக்சைடு, அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள்தாம் இருந்தன. பெர்லினில் ஒரு குடும்பம் இப்படிக் கசிந்த வாயுவால் இறந்துபோன செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டீனும் ஸிலார்டும் சேர்ந்து அசையும் பாகங்களே இல்லாத ஒரு ஃப்ரிட்ஜை வடிவமைத்தார்கள் என்று சொல்வார்கள். 1930இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது வேறொரு வழி. மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து முழுவதுமாக மூடிவிடும் முறை அது. 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 'மானிட்டர் டாப்' அதைப் பிரபலமாக்கியது. இன்று நம் சமையலறையில் நிற்பதும் அதன் வாரிசுதான்.

ஆகவே, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான்: எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போலத்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு முறை ஏற்றினார்கள். இரண்டு முறையும் ஓட்டை எங்கே என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

எங்கே கோடு போடுவது?

"எல்லாவற்றையும் நாமே செய்யலாம்" என்று நான் சொல்ல வரவில்லை. எளிமையான கோடு ஒன்று போட்டுக்கொள்ளலாம். கேஸ் ஓடும் குழாய்க்கு உள்ளே இருப்பதும், மின்சாரம் ஓடும் கம்பிகளும் மெக்கானிக்கின் வேலை. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் நம் வேலை. எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

நம் வேலைகளைப் பார்ப்போம்.

1. குளிர் பற்றவில்லை. முதலில் உள்ளே இருக்கும் திருகைப் பாருங்கள். தக்காளிக் கூடையை வைக்கும்போது அது இடித்துத் திரும்பியிருக்கலாம். அடுத்து ஃப்ரிட்ஜை முன்னே இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். கறுப்புக் கம்பி வலை இருந்தால் அதில் தூசியும் ஒட்டடையும் கம்பளி போலப் படிந்திருக்கும். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூடு வெளியேற வேண்டிய இடம் அதுதான். கம்பளி போர்த்தினால் எப்படி வெளியேறும்? காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள், தண்ணீர் வேண்டாம். சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள். வலை இல்லாத மாடல்களில் பக்கவாட்டுச் சுவர் சூடாக இருப்பது இயல்பு, பழுது அல்ல.

2. கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். பல நேரம் ரப்பர் மடிப்பில் ஒட்டியிருக்கும் பால் கறையும் ஊறுகாய் எண்ணெயும்தான் காரணம். சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகும். ரப்பர் கோணியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி நிமிர்த்தலாம். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாடல் எண்ணைச் சொன்னால் உதிரிபாகக் கடையில் கிடைக்கும்.

3. காய்கறிப் பெட்டியில் தண்ணீர். உருகும் பனி நீர் ஒரு சிறு துளை வழியாகக் கம்ப்ரஸர் மேலிருக்கும் தட்டுக்குப் போக வேண்டும். துளையில் கொத்தமல்லித் தழை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே வழியும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை ஏற்றி அடித்தால் அடைப்பு போய்விடும். கூடவே பின்புறத் தட்டைக் கழற்றிக் கழுவி வையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான். டெங்கு காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜின் பின்பக்கம் எட்டிப் பார்ப்பது சும்மா இல்லை. வாரம் ஒருமுறை அந்தத் தட்டைப் பார்த்துவிட வேண்டும்.

4. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் பனிக்கட்டி மலை. பனி கால் அங்குலம் சேர்ந்துவிட்டாலே டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள். பட்டன் இல்லையா? அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். தயவுசெய்து கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூடிரைவர் எதையும் வைத்துக் குத்தாதீர்கள்! அந்த ஃப்ரீசரின் அலுமினியச் சுவருக்குள்தான் கேஸ் பாதை ஓடுகிறது. ஒரே ஒரு குத்து, 'புஸ்' என்று ஒரு சத்தம், ஃப்ரிட்ஜ் முடிந்தது. கேஸ் "போகிற" வழிகளில் நாமே திறந்துவிடும் வழி இதுதான்.

5. இரட்டைக் கதவு, மேலே குளிர், கீழே வெதுவெதுப்பு. காற்று வரும் துளைகளைப் பொட்டலங்கள் மறைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே பனி அடைத்திருக்கலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, 24 மணி நேரம் அணைத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். சரியாகி, ஒன்றிரண்டு வாரத்தில் அதே தொல்லை திரும்பினால், பனியை உருக்கும் ஹீட்டரிலோ அதன் டைமர், சென்சாரிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் "கேஸ்" என்ற பேச்சே எழாது.

6. சத்தம். நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா, மேலே வைத்த பாத்திரம் அதிர்கிறதா, பின்புறக் குழாய் ஒன்றோடொன்று உரசுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

கம்ப்ரஸர் "போச்சு" என்றால்

'டக்' என்று ஒரு சத்தம், சில விநாடி உறுமல், மறுபடி 'டக்', பிறகு அமைதி. சில நிமிடம் கழித்து மீண்டும் அதே கச்சேரி. கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். முதல் சந்தேகம் மின்னழுத்தம். ஸ்டெபிலைசரில் எண் தெரிந்தால் பாருங்கள். கரண்ட் போய் உடனே வந்தாலும் இப்படி ஆகும். ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் குழாயில் அழுத்தம் சமமாகிக் கிளம்பிவிடும். அதுவும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலே. சில நூறு ரூபாய்ச் சாமான். இதை நாமே கழற்ற வேண்டாம், அது மின்சாரக் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் "ரிலேவையும் ஓவர்லோடையும் பார்த்துட்டீங்களாண்ணே?" என்று கேட்கலாம் அல்லவா? அந்த ஒரு கேள்வி ஒரு புதிய ஃப்ரிட்ஜின் விலையை மிச்சப்படுத்தக்கூடும்.

தொட்டால் 'சுர்ர்' என்று ஷாக் அடிக்கிறதா? அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிப்பது, மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது.

உண்மையிலேயே கசிந்திருந்தால்

கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது, பின்புற வலை சூடாகவே இல்லை, ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் லேசாகப் பனி. இவை கசிவின் அறிகுறிகள். இங்கே நாம் ஒதுங்கிவிட வேண்டும். பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுத்தது. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010க்குள் இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது. பிறகு வந்த ஆர்-134ஏ தீப்பிடிக்காது, ஆனால் புவி வெப்பமாதலைக் கூட்டும். இப்போது புதிய ஃப்ரிட்ஜ்களில் பரவலாக இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அடுப்பு கேஸில் இருக்கும் பியூட்டேனுக்கு உடன்பிறப்பு, தீப்பிடிக்கும். வீட்டில் யாரும் வெல்டிங் ஆராய்ச்சி செய்யக் கூடாத இடம் இது.

ஆனால் ஒதுங்குவது வேறு, வாயை மூடிக்கொள்வது வேறு. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: ஓட்டை எங்கே? அதை அடைத்த பிறகு குழாயை வேக்கம் போடுவீர்களா? ஃபில்டரைப் புதிதாக மாற்றுவீர்களா? எந்தக் கேஸ், எத்தனை கிராம்? கடைசிக் கேள்விக்கான விடை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே அச்சாகி இருக்கிறது. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். தடுமாறினால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

"அவங்க பிழைப்புல மண்ணா?"

என் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவன் கேட்ட கேள்வி இது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயிலில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் மனிதருக்கு ஒட்டடை தட்டக் காசு கொடுப்பதைவிட, ஓட்டையைத் தேடிப் பற்றவைக்கும் திறமைக்குக் காசு கொடுப்பதுதான் மரியாதை. மூன்று மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தவரிடம் பேரம் பேசுவோம், பத்து நிமிடத்தில் கேஸ் ஏற்றியவருக்குக் கேட்டதைக் கொடுப்போம். பிறகு மெக்கானிக்குகளைக் குறை சொல்லி என்ன பயன்?

நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கையேட்டில் படம் போட்டு வாழ்த்துச் சொல்வார்கள், எந்த உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல மாட்டார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் அடக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால் தன் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தை ஒருநாளும் பார்த்திராதவருக்கு அந்த உரிமை இருந்தென்ன, இல்லாமல் என்ன? வாரண்டி இருக்கும்போது திருகைக் கழற்றாதீர்கள், சரி. தூசி தட்டுவதற்கும் ரப்பரைத் துடைப்பதற்கும் எந்த வாரண்டியும் தடையில்லை.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். பல வீடுகளில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது நேற்றைய சாம்பாரும் இட்லி மாவும் மட்டுமல்ல. சர்க்கரை நோயாளியின் இன்சுலினும் இருக்கிறது. பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். மாதக் கடைசியில் மெக்கானிக்குக் கொடுக்கக் காசில்லாமல் "ஒண்ணாம் தேதி பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் வீட்டில், ஒரு அடைத்த துளையும் ஒரு அழுக்கு ரப்பரும் சின்ன விஷயங்கள் அல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் படம் போடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், ஃப்ரிட்ஜை முன்னே இழுங்கள், பின்பக்கம் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும், பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். கார்னோ எஞ்சினைக்கூட அதற்குப் பிறகு சொல்லிக் கொடுத்தால் சுலபமாகப் புரியும்!