பழைய டெஸ்க்டாப்: இப்போது ரேம் வாங்கலாமா?

வீட்டு டெஸ்க்டாப் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுதா? ரேம் வாங்கக் கிளம்பும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் திருப்பிவிடப்பட்டதால், 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன் ‘குருஷியல்’ நுகர்வோர் பிராண்டிலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். வழக்கமான வேலையிலேயே மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் ரேம். மெமரி காலியாக இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், வில்லன் பழைய ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எஸ்டி போட்டாலே மெஷின் ஆளே மாறிடும். நாளை புது கம்ப்யூட்டர் வாங்கினால் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கலாம். டிடிஆர்4 ரேம் அப்படியில்லை. டிடிஆர்5 போர்டில் பொருந்தாது.

பிராசஸர் கதை வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை சிப்பாவது வேண்டும். 7-ம் தலைமுறை போர்டில் அதை மாட்ட முடியாது, சாக்கெட் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும்! போர்டையும் சேர்த்து மாத்தணும். அந்தச் செலவுக்கு இப்போது அவசரமில்லை என்றால், 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்துகொண்டு, எஸ்எஸ்டியோடு ஓட்டலாம்.