மகளுக்குப் பொருந்தும் சைக்கிள்



பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப் போனால் சக்கரத்தின் அளவைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். பெடலைத் தாங்கும் இரும்புத் தண்டான கிராங்கை யாரும் பார்ப்பதில்லை. முழங்கால் எவ்வளவு மடிய வேண்டும் என்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

முன்பு நம் வீடுகளில் இருந்த திரிகையை நினைத்துப் பாருங்கள். பிடி நடுவிலிருந்து தள்ளி இருந்தால் சுற்றுவது இலேசு. ஆனால் கை பெரிய வட்டம் போட வேண்டும். பிடி நடுவுக்குக் கிட்ட இருந்தால் வட்டம் சிறிது. பலம் கூடத் தேவை. கிராங்கும் அப்படித்தான்.

பெரியவர்களின் சைக்கிளில் கிராங்க் பெரும்பாலும் 170 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பாதம் 34 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அடிக்கு மேல், ஏறி இறங்குகிறது. கால் நீண்ட வாப்பாவுக்கு இது பொருந்தும். பத்து வயது மகளுக்கு? கீழே கால் எட்டுவதற்காக ஆசனத்தைப் பதித்தால், மேலே வரும்போது முழங்கால் நெஞ்சை நோக்கி மடிகிறது. ஆசனத்தை உயர்த்தினால் கால் எட்டாமல் இடுப்பு இரு பக்கமும் ஆடுகிறது. முழங்கால் நோகிறதென்று அவள் சைக்கிளை மூலையில் வைத்தால், சோம்பேறி என்று ஏசுகிறோம்.

கிராங்க் குட்டையானால் வலு போய்விடும் என்பார்கள் சிலர். 2001ஆம் ஆண்டில் மார்ட்டின், ஸ்பிர்டுசோ என்ற ஆய்வாளர்கள், பயிற்சி பெற்ற சைக்கிளோட்டிகளை 120 முதல் 220 மில்லிமீற்றர் வரையான கிராங்குகளில் மிதிக்க வைத்து அளந்தார்கள். மிகக் குட்டையிலும் மிக நீளத்திலும் உச்ச வலு ஏறத்தாழ 4 சதவீதமே குறைந்தது.

ஆகவே வாங்குமுன், தையல் நாடாவால் நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை அளந்து பாருங்கள். கிராங்கின் உட்புறத்திலும் அளவு பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. வீட்டிலுள்ள சைக்கிளுக்கு 10 மில்லிமீற்றர் குட்டையானதை மாற்றினால், ஆசனத்தையும் 10 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். மேலே வரும் பாதம் ஆசனத்திலிருந்து முன்னையதைவிட 20 மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்கும். முழங்கால் குறைவாக மடியும். மிதிப்பது பாரமானால், பின்சக்கரத்தின் பற்சில்லைச் சற்றுப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகும் நோ நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வளரும் பிள்ளையின் சட்டைக்கு மடிப்பு வைத்துத் தைத்து, பிறகு பிரித்து விடலாம். கிராங்குக்கு மடிப்பு வைக்க முடியாது. "வளர்ந்து வருவாள்தானே" என்று பெரிய சைக்கிளை வாங்கிக் கொடுக்காதீர்கள். இன்றைய காலுக்குப் பொருந்துவதையே தெரிவு செய்யுங்கள்.